சென்ட்ரல் ஸ்டேஷனில் பாலையா

பக்கத்தில் இருக்கும் மலைக்கு உள்ளூர்க்காரன் போவதில்லை. மதுரைக்காரர்கள் பலர் திருமலை நாயக்கர் மகாலைப் பார்ப்பதே வெளியூரிலிருந்து சொந்தக்காரர் வந்து இறங்கும்போதுதான். போடிநாயக்கனூர்க்காரனான எனக்குக் குரங்கணி அப்படி. ஊரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். மொட்டை மாடியில் வேட்டி காயப்போடும்போது மலை தெரிகிறது. அதைப் பார்த்துத்தான் மழை வருமா, வேட்டி காயுமா என்று முடிவு செய்கிறேன். அதற்கு மேல் எனக்கும் மலைக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது.

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இளவட்டங்கள் முதுகுப் பையும் ஷூவுமாகப் போடி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கி, என்னிடமே குரங்கணிக்கு வழி கேட்பார்கள். நானும் கையை நீட்டிச் சொல்லுவேன். போகாத ஊருக்கு வழி சொல்லுவதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. போய் வந்தவன் தயங்குவான்; “அந்தத் திருப்பத்துல ஒரு மாமரம் இருந்துச்சு, இப்ப இருக்கோ என்னமோ” என்பான். எனக்கு அந்தச் சிக்கலே இல்லை.

நான் குரங்கணியைப் பார்த்தது டி.வி.யில். 2010 தீபாவளிக்கு வந்த ‘மைனா’ படத்தைப் பிரபு சாலமன் இங்கேதான் எடுத்தார். தம்பி ராமையாவுக்கு அதில் தேசிய விருதும் கிடைத்தது. அந்தப் படம் வீட்டு டி.வி.யில் ஓடியபோது என் மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “அடேயப்பா, எம்புட்டு அழகா இருக்கு! கேரளாங்களா?” என்று கேட்டாள். “நம்ம குரங்கணிதான்” என்றேன். அவள் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மலையடியில்தான் குடும்பம் நடத்துகிறோம் என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. முறத்தை எடுத்துப் புடைத்த வேகத்தில் சொல்லிவிட்டாள்.

ஒரு குடும்பஸ்தன் வீட்டைவிட்டு வெளியே போக மூன்று வழிகள் உண்டு. பழைய சினிமா, கனவு, பயணம். முதல் இரண்டுக்கும் டிக்கெட் கிடையாது, பை தூக்க வேண்டாம், வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்க வேண்டாம். ஆகவே நான் அந்த இரண்டிலும் கைதேர்ந்தேன். ஏலக்காய்க் கமிஷன் கடையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவனுக்கு, காசு செலவில்லாத வழி எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ராத்திரி ஒன்பதரைக்கு வீடு அடங்கும். அதற்குப் பிறகு ரிமோட் என் ராஜ்யம். பழைய படம் போடும் சேனலாகப் பார்த்து, சத்தத்தைக் குறைத்து, சாய்வு நாற்காலியில் சாய்ந்தால், நான் போடியில் இல்லை. கொடைக்கானலில் இருக்கிறேன், ஊட்டியில் இருக்கிறேன், சில நேரம் வாகினி ஸ்டுடியோவில் போட்ட ஊட்டியில் இருக்கிறேன். எதுவானாலும் குளிருகிறது.

அந்தக் காலத்துப் படங்களில் எனக்குப் பிடித்தது, அதில் யாருக்கும் வீட்டு வேலை கிடையாது என்பதுதான். பணக்கார அப்பா பட்டு கவுன் போட்டுக்கொண்டு வாயில் பைப்போடு மாடிப்படியில் இறங்கி வருவார். அவர் எப்போதாவது கேஸ் சிலிண்டர் பதிவு செய்து பார்த்திருக்கிறீர்களா? ரங்காராவ் மாதிரி ஆகிருதி உள்ள அப்பா ரேஷன் கடை வரிசையில் நின்றதுண்டா? கதாநாயகி மலைச்சரிவில் ஓடிக்கொண்டே பாடுவாள், மூச்சு வாங்காது. எனக்கு மாடிப்படி ஏறினாலே சரணத்துக்கு முன்னால் இழுக்கிறது. கதாநாயகன் கார் ஓட்டும்போது பின்னால் திரையில் ரோடு நேராக ஓடும்; அவர் மட்டும் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகத் திருகிக்கொண்டிருப்பார். அதே பாணியில் எங்கள் போடிமெட்டு ரோட்டில் ஓட்டினால், 17 கொண்டை ஊசி வளைவில் முதலாவதோடு படம் முடிந்துவிடும்.

பயணப் படம் என்றால் இன்னும் விசேஷம். 1966இல் வந்த ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’ பஸ் பயணத்தையே கதையாக வைத்த படம். ரவிச்சந்திரன், கல்பனா, நாகேஷ். பிற்பாடு இந்திக்காரர்கள் அதை ‘பாம்பே டு கோவா’ என்று எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து முடித்த ராத்திரி எனக்கு இடுப்பு வலித்தது. பயணம் போய் வந்த முழுத் திருப்தி. 1968இன் ‘தில்லானா மோகனாம்பாள்’ ரயில் காட்சியை நான் பார்க்கும்போதெல்லாம் கால்களை நாற்காலிக்கு மேல் தூக்கி வைத்துக்கொள்ளுவேன். அத்தனை பேர் ஏறியிருக்கும் பெட்டியில் நம் காலும் எதற்கு?

பழைய சினிமா விஷயத்தில் போடிக்காரனுக்கு ஒரு தனிப் பெருமையும் உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் கதாநாயகிகளைத் திரையில் பார்த்தார்கள். எங்கள் ஊருக்கு அவர்கள் ஓட்டுக் கேட்டே வந்தார்கள். ஸ்ரீதரின் ‘வெண்ணிற ஆடை’ 1965இல் வந்தது. ஜெயலலிதாவுக்கு அதுதான் முதல் தமிழ்ப் படம். நிர்மலாவும் அதிலேதான் அறிமுகம். படத்தின் பெயரே நிர்மலாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இருபத்துச் சொச்சம் வருஷம் கழித்து, எம்.ஜி.ஆர். மறைந்து கட்சி இரண்டாகப் பிரிந்த 1989 தேர்தலில், போடிநாயக்கனூர்த் தொகுதியில் சேவல் சின்னத்தில் ஜெயலலிதா, இரட்டைப் புறா அணியில் வெண்ணிற ஆடை நிர்மலா. ஒரே படத்தின் இரண்டு கதாநாயகிகள், ஒரே தொகுதி. ஜெயலலிதா வென்று சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவரானார். நான் யாருக்குப் போட்டேன் என்று என் மனைவி அப்போதிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். வாக்குப்பதிவின் ரகசியம் அரசியல் சட்டத்துக்காக மட்டும் காக்கப்படுவதில்லை, குடும்ப அமைதிக்காகவும்தான்.

நள்ளிரவுவரை இப்படிப் படம் பார்த்துவிட்டுப் படுத்தால் கனவு சும்மா இருக்குமா? எனக்கு வருகிற கனவுகள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. இதைச் சொன்னதும் மகள் போனிலேயே சிரித்தாள். “கனவுல எப்படிப்பா கலர் இல்லாமப் போகும்?” நான் அசரவில்லை. ஸ்காட்லாந்தில் டண்டீ பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ச்சியே செய்து 2008இல் எழுதியிருக்கிறார்கள். சின்ன வயதில் கறுப்பு வெள்ளைப் படங்களும் டி.வி.யுமாக வளர்ந்த, 55 வயது தாண்டியவர்கள், தங்கள் கனவில் ஏறத்தாழக் கால்வாசி கறுப்பு வெள்ளை என்று சொன்னார்களாம். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அப்படி வருவது அபூர்வம். ஆகவே என் கனவு பழுதில்லை; பிரிண்ட் பழசு, அவ்வளவுதான்.

அந்தக் கனவுகளில் ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இந்தக் கட்டுரையே எழுத நேர்ந்தது.

ரயிலில் போய்க்கொண்டிருக்கிறேன். மகளைப் பார்க்கச் சென்னைக்கு. எதிர் சீட்டில் டி.எஸ். பாலையா, மடியில் தவில். அவர் காதருகே குனிந்து நாகேஷ் ஒரு திகில் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். ‘காதலிக்க நேரமில்லை’யில் சொல்லுவாரே, அந்த மாதிரி கையையும் கண்ணையும் உருட்டிக்கொண்டு. கதை என்னவென்று காதைத் தீட்டினால், அது எங்கள் வீட்டுக் கரண்ட் பில்லைப் பற்றிய கதை. “வீட்டுல ஒருத்தரும் இல்ல… மாடி ரூம்ல ஃபேன் மட்டும் ஓடுது…” பாலையா நடுங்குகிறார். நானும் நடுங்குகிறேன், ஏனென்றால் அந்த ஃபேனை நிறுத்தாமல் வந்தவன் நான்தான். ஜன்னலோரத்தில் பத்மினி, முழு நாட்டிய அலங்காரத்தில். அப்போது டிக்கெட் பரிசோதகர் வருகிறார். நிமிர்ந்து பார்த்தால் நம்பியார், ‘நெஞ்சம் மறப்பதில்லை’யின் கிழட்டு ஜமீன்தார் வேஷத்தில். சட்டைப் பையைத் துழாவி டிக்கெட்டை நீட்டுகிறேன். அது கரண்ட் பில்லாக இருக்கிறது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இரண்டு கையையும் பிசைந்துகொண்டு, “யூனிட் கூடிப்போச்சே” என்கிறார்.

அந்த நேரம் ரயில் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏற ஆரம்பிக்கிறது. சமவெளி கீழே போகிறது. இலவ மரங்கள், காப்பிச் செடிகள், ஏலத் தோட்டம். பனிமூட்டத்தில் நிற்கிறது. “சென்ட்ரல் வந்தாச்சு, எறங்கு” என்கிறார் நம்பியார். இறங்கினால் சென்னை சென்ட்ரல் இல்லை. எங்கள் குரங்கணிக்கு மேலே இருக்கிற சென்ட்ரல் ஸ்டேஷன். பாலையாவின் தவில் மேல் யாரோ ஏலக்காய் மூட்டையை இறக்குகிறார்கள். முழித்துவிட்டேன்.

முழித்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். காலைக் காப்பியோடு கனவையும் மனைவியிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கணவன்மார்கள் பதில் தயாரித்து வைத்திருக்க வேண்டிய அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“நான் வந்தேனா?”

“வந்த. பிளாட்பாரத்துல இட்லி வித்துக்கிட்டு இருந்த.”

“பத்மினி எங்கிட்டு உக்காந்திருந்தாக?”

“ஜன்னலோரம்.”

“பத்மினிக்கு ஜன்னலோரம். எனக்கு இட்லிக் குண்டா.” டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். “கனவுலகூட இந்த மனுசன் என்னைய வண்டியில ஏத்தல.”

அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தமிழய்யாவிடம் விஷயம் போய்விட்டது. எங்கள் தெருவில் சந்தேகம் என்றால் அவரிடம்தான். தமிழில் கனவுக்கென்றே பொன்னவன் எழுதிய ‘கனாநூல்’ ஒன்று இருக்கிறது என்றார். ராத்திரியின் முதல் ஜாமத்தில் கண்ட கனவு ஒரு வருஷத்திலும், இரண்டாம் ஜாமத்துக் கனவு எட்டு மாதத்திலும், மூன்றாம் ஜாமத்துக் கனவு மூன்று மாதத்திலும், விடியலை ஒட்டிய நாலாம் ஜாமத்துக் கனவு பத்து நாளிலும் பலிக்குமாம். பேச்சோடு பேச்சாகச் சிலப்பதிகாரத்துக்கும் போனார். கண்ணகி தான் கண்ட கெட்ட கனவைத் தேவந்தியிடம் சொன்னாள், அது பலித்தது. அந்தக் கண்ணகிக்கு எங்கள் மாவட்டத்து மலையிலேயே, கூடலூருக்கு மேலே, கோட்டம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு நாள், சித்திரைப் பௌர்ணமிக்குத்தான் போக விடுவார்கள். “அங்க போயிருக்கீங்களா?” என்று என்னைக் கேட்டார். எனக்கு அன்றைக்கு நாள் சரியில்லை.

நான் விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தேன். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், தூக்கத்தில் கண்ணுருண்டைகள் வேகமாக அசைகிற நேரங்களைக் கண்டுபிடித்தார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. ராத்திரி போகப்போக அந்த நேரம் நீளும், விடியற்காலையில் அதிகம். அந்த நேரத்தில் முழிப்புத் தட்டினால் கனவு நினைவில் நிற்கும். வயதானவன் எதற்கெல்லாம் ராத்திரியில் முழித்து எழுந்து போகிறான் என்பது தெரிந்ததே. ஆகவே இது பலிக்கிற கனவு இல்லை, சிறுநீர்ப்பையின் கனவு என்று விளக்கினேன்.

மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். “மணி என்ன இருக்கும் அப்ப?”

“நாலரை.”

“நாலாஞ் சாமம். பத்து நாளு.” கேலண்டரைப் பார்த்தாள். “அது தானா பலிக்காது. நாமதான் கெளம்பணும்.”

இங்கே என் சாக்குகளின் வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். அது எங்கள் ரயிலின் வரலாறும் ஆகும். மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது 1928இல். கம்பம் பள்ளத்தாக்கின் விளைச்சலும் மலையிலிருந்து இறங்குகிற ஏலமும் காப்பியும் டீயும் அதில் போயின. இரண்டாம் உலகப் போரில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள்; சுதந்திரத்துக்குப் பிறகு 1950களில் மறுபடியும் போட்டார்கள். 2010 முடியும்போது அகலப்பாதை ஆக்குவதற்காக வண்டியை நிறுத்தினார்கள். அதாவது, ‘மைனா’ வந்து ஊரே இந்த மலையைத் திரும்பிப் பார்த்த அதே வருஷக் கடைசியில் ரயில் நின்றது. எனக்கு அதைவிட நல்ல காலம் வாய்த்ததில்லை. திருப்பதியா? ரயில் வரட்டும். ராமேஸ்வரமா? பஸ்ஸில் உட்கார்ந்து போனால் உனக்குக் கால் வீங்கும், ரயில் வரட்டும். மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசமா? ரயில் மட்டும் இருந்திருந்தால்! நிதிநிலை அறிக்கையில் எங்கள் பாதைக்கு ஒதுக்கீடு குறைவு என்று பேப்பரில் வந்தால் ஊரே வருத்தப்படும். நான் முகத்தை மட்டும் வருத்தமாக வைத்துக்கொள்ளுவேன். இடையில் கொரோனா வந்து, வீட்டைவிட்டுப் போகாதே என்று அரசாங்கமே ஆணை போட்டது. வாழ்நாளில் நான் முழுமனதோடு கீழ்ப்படிந்த ஆணை அது.

2023 ஜூன் 15ஆம் தேதி என் சாக்கு செத்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் கழித்துப் போடிக்கு ரயில் வந்தது. மதுரைக்குத் தினசரி வண்டி. சென்னை சென்ட்ரலுக்கு வாரத்தில் மூன்று நாள் வண்டி. ஊர்க்காரர்கள் ஸ்டேஷனில் மாலை, மேளம் என்று கூடினார்கள். வண்டி ஹாரன் அடித்தது எங்கள் வீட்டு அடுக்களைவரை கேட்டது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பரண்மேல் இருந்த சூட்கேஸை இறக்கித் துடைத்து, நான் பார்க்கிற மாதிரி கூடத்தில் வைத்தாள். அது அங்கேயே இருந்தது. பேப்பர் வைக்கத் தோதாக இருந்ததால் நான் அதன்மேல் பேப்பர் வைத்தேன்.

இப்போது பத்து நாள் கெடு. சென்னைக்கு என்றால் டிக்கெட் எடுக்க வேண்டும். காசுக் கணக்கில் நான் சட்டென்று விழித்துக்கொண்டேன். “கனவுல வந்தது குரங்கணி சென்ட்ரல் தானே. அங்கேயே போய்ட்டு வருவோம். பலிச்ச மாதிரியும் ஆச்சு” என்றேன். சிக்கனமும் சாஸ்திரமும் ஒன்று சேர்ந்த அபூர்வ தருணம். அவள் உடனே சம்மதித்தது எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

பதினாறு கிலோமீட்டருக்கு நாங்கள் கட்டிய மூட்டையைச் சொன்னால் சிரிப்பீர்கள். இட்லி, எலுமிச்சைச் சாதம், தண்ணீர், மூட்டுவலித் தைலம், பி.பி. மாத்திரை, என் குரங்குக் குல்லா, குடை, பழைய பேப்பர், பேட்டரி லைட். “எதுக்கு லைட்டு? மத்தியானம் திரும்பிருவோம்ல” என்றேன். “உங்களோட கெளம்புனா எப்ப திரும்புவோம்னு சாமிக்குத்தான் தெரியும்” என்றாள்.

கொட்டகுடி ஆற்றை ஒட்டிப் போகிறது ரோடு. இரண்டு பக்கமும் மாந்தோப்பு, இலவ மரம். எதிரே மலை நெருங்க நெருங்க, மொட்டை மாடியிலிருந்து நான் நீல நிறமாகப் பார்த்தது பச்சையாகப் பிரிகிறது, பாறையாகப் பிரிகிறது, நடுவே வெள்ளைக் கோடாக ஓர் அருவியும் தெரிகிறது. பஸ் குரங்கணியில் நின்றது. டீக்கடையில் உட்கார்ந்து டீ சொன்னேன். ஏலக்காய் தட்டிப் போடுவார் என்று எதிர்பார்த்து மூக்கைக் கிளாஸுக்குள் விட்டேன். வாசம் இல்லை. “ஏலக்காய் ஊருல ஏலக்காய் இல்லாம டீயா?” என்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அண்ணே, காய் விக்கிற வெலைக்கு அது ஏலத்துக்குப் போகும். நம்ம வாய்க்குள்ள போகாது.” ஆயுசு முழுக்கக் காய் விலையை எழுதியே கை தேய்ந்தவனிடம் சொன்னார்.

சென்ட்ரல் ஸ்டேஷன் எங்கே என்று கேட்டேன். மலையைக் காட்டினார். அதற்கும் மேலே டாப் ஸ்டேஷன். இந்த ஸ்டேஷன்கள் எதிலும் ரயில் வராது. ஆனால் என் கனவு முழுப் பொய்யும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறு டீயைக் கப்பலேற்ற வேண்டியிருந்தது. மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன்வரை முதலில் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908இல் அதைச் சின்ன ரயிலாகவே மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து டீப்பெட்டிகள் ரோப்வேயில் தொங்கிக்கொண்டே இந்த மலைச்சரிவில் இறங்கிக் கொட்டகுடிக்கு வரும். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி. பிறகு தூத்துக்குடி, பிறகு இங்கிலாந்து. 1924 வெள்ளம் மூணாறு ரயிலை அடித்துக்கொண்டு போனது. ரயில் போய் நூறு வருஷம் ஆகியும் ஸ்டேஷன் என்ற பெயர் போகவில்லை. இன்னொரு வேடிக்கை: டாப் ஸ்டேஷனும் கொழுக்குமலை டீத்தோட்டமும் எங்கள் தேனி மாவட்டத்தில் இருக்கின்றன, ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளாவுக்குள் போய் மூணாறு, சூரியநெல்லி என்று சுற்றித்தான் போக வேண்டும். சொந்த வீட்டு மாடிக்குப் பக்கத்து வீட்டு ஏணி.

வழியைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் ஏறினோம். ஊர் எல்லையை ஒட்டி, அனுமதி வேண்டாத அளவுக்குத்தான். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் என் உடம்பின் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக ராஜினாமாக் கடிதம் கொடுத்தது. பழைய படத்தில் கதாநாயகன் பாடிக்கொண்டே ஏறுகிற சரிவில் நான் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு, இயற்கையை ரசிக்கிற பாவனையில் நின்றேன். தலையில் ஒரு சாக்கு மூட்டையோடு, வெற்றிலை மென்றுகொண்டே, என் மனைவியைவிட மூத்த ஓர் அம்மா எங்களைத் தாண்டிப் போனார். “மெல்ல வாங்க சாமி” என்றார். மனைவி அவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே சேர்ந்து நடந்துபோய்விட்டாள். அவள் இவ்வளவு வேகமாக நடப்பாள் என்பது எனக்குத் தெரியாது. நடக்க இடம் இருந்தால்தானே தெரியும். அடுக்களை அவ்வளவு நீளம் இல்லை.

பாறையில் உட்கார்ந்து யோசித்தபோது 2018 ஆகஸ்டில் வந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ நினைவுக்கு வந்தது. லெனின் பாரதி எடுத்த படம். விஜய் சேதுபதி தயாரித்தார். இசை பக்கத்துப் பண்ணைப்புரத்து இளையராஜா. ஏலக்காய் மூட்டையை மலையில் சுமந்து இறக்குகிற ஒரு மனிதனின் கதை. அந்தப் படத்தில் மலை ஓடிப் பாடுகிற இடமாக வரவில்லை. கூலியாகவும் மூச்சாகவும் வருகிறது. நான் கமிஷன் கடையில் ‘மூடை’ என்று பேரேட்டில் எழுதிய ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தலையில் இறங்கி வந்தது. எழுதியபோது எனக்குக் கை மட்டும் வலித்தது.

அதே 2018இல், மார்ச் 11ஆம் தேதி, இந்த மலையில்தான் காட்டுத்தீ. மலையேற வந்த இளம் பெண்களும் ஆண்களுமாக 20க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். முதலில் ஓடிப்போய்த் தூக்கி இறக்கியவர்களில் இந்த ஊர்க்காரர்கள் உண்டு. அன்றைக்கு மாடியிலிருந்து நான் புகையைப் பார்த்தேன். கோடையில் மலையில் தீ தெரிவது எங்களுக்குப் பழக்கம் என்பதால், துணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். ராத்திரி ஆம்புலன்ஸ் சத்தம் வரிசையாகக் கேட்டபோதுதான் ஊருக்குப் புரிந்தது. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. டீக்கடைக்காரரும் அதைப் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் கிளாஸைக் கழுவப் போய்விடுகிறார்.

மனைவி திரும்பி வந்தாள். மடியில் கொஞ்சம் கொய்யா, முகத்தில் பத்து வயது குறைச்சல். “அந்த அம்மா மக வீடு மேல முட்டத்துலயாம். அடுத்த தடவ வரச் சொல்லியிருக்காக” என்றாள். அடுத்த தடவை என்கிற சொல்லை நான் கேட்காத மாதிரி எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தேன். “சென்ட்ரலுக்கு எப்பப் போறோம்?” என்று நேராகவே கேட்டாள். வனத்துறை அனுமதி வேண்டும், வழிகாட்டி வேண்டும், என் முழங்கால் சம்மதிக்க வேண்டும் என்று அடுக்கினேன். “முதல் ரெண்டும் கெடைச்சிரும்” என்றாள்.

அன்று ராத்திரி டி.வி. போடவில்லை. ஒன்பதரைக்கு நானும் சேர்ந்து அடங்கிவிட்டேன். கனவு வந்ததா என்று காலையில் விசாரணை நடந்தது. ஒன்றும் வரவில்லை என்றேன். உண்மையில் வந்தது. அதில் மனைவி சூட்கேஸோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் பிளாட்பாரத்தில் இட்லி விற்றுக்கொண்டிருந்தேன். நாலாம் ஜாமம். வெளியே சொல்ல முடியுமா?

நான் கண்டுகொண்டது இதுதான்: பழைய படம் பார்த்தால் மலை அழகாக இருக்கும், கனவு கண்டால் அருகில் இருக்கும், போனால்தான் அங்கே மனிதர்கள் இருப்பது தெரியும். உங்கள் ஊர்ப் பக்கத்திலும் நீங்கள் வழி மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிற ஒரு மலையோ அருவியோ கோட்டையோ இருக்கும். ஒரு தடவை போய் வாருங்கள். குரங்கணிக்கே வருவதானால், காட்டுக்குள் ஏறுவதற்கு முன் வனத்துறையிடம் கேளுங்கள். 2024இல் தமிழக அரசு மாநிலமெங்கும் முன்பதிவும் வழிகாட்டியுமாகத் திறந்த 40 மலையேற்றப் பாதைகளில் குரங்கணி–சாம்பலாறும் ஒன்று. கோடையில் வேண்டாம். தீப்பெட்டியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கொண்டு போகிற பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டு வாருங்கள். டீக்கு ஏலக்காய் வேண்டுமானால் கையோடு எடுத்துப் போங்கள். ஜன்னலோர சீட்டை மட்டும் மறக்காமல் மனைவிக்குக் கொடுத்துவிடுங்கள். பத்மினி எப்படியும் வரப்போவதில்லை.